எல்லோரையும் எண்ணிப் பாடம் திட்டமிடுதல்: மேலூர் வட்டார வகுப்பறை அனுபவம்

ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் எங்கள் பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகும். குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் பெயர்களை ‘மெல்ல மலரும் மாணவர்கள்’ என்ற தலைப்பின்கீழ் எழுதி, அவர்களுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு, குறைதீர் கற்பித்தல், எளிமையாக்கப்பட்ட பயிற்சித்தாள் என்று திட்டமிடுவோம். இதைச் செய்யும் ஆசிரியர்கள் அனைவரும் பிள்ளைகள்மீது அக்கறை உள்ளவர்கள்தாம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேலை நடக்கும் வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். சரளமாகப் படிக்கவும், வேகமாக எழுதவும், பாடவேளை முழுவதும் அசையாமல் உட்காரவும் இயன்ற ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துப் பாடத்தைத் திட்டமிட்டு, நடத்தி, தேர்வும் வைத்து முடித்த பிறகுதான் மற்றப் பிள்ளைகளைப் பற்றி நாம் எண்ணத் தொடங்குகிறோம். அந்த எண்ணத்தைப் பாடக்குறிப்பு எழுதும் நேரத்துக்கே முன்கொண்டு வரவேண்டும் என்பதுதான் ‘அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு’ என்ற அணுகுமுறையின் சாரம். ஆங்கிலத்தில் ‘யுனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங்’ எனப்படும் இதைப் பயிற்சிகளில் சுருக்கமாக யூ.டி.எல். என்கிறார்கள். சில ஆண்டுகளாக இதை என் வகுப்பில் கடைப்பிடித்து வருகிறேன். எது பயன்பட்டது, எங்கே கவனம் தேவைப்படுகிறது என்பதைச் சக ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

நான் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஏழாம் வகுப்பில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள். ஒரு மாணவிக்குப் பார்வை குறைவு. முதல் வரிசையில் அமர்ந்தாலும் கரும்பலகையை முழுமையாகப் படிக்க இயலாது. ஒரு மாணவன் காது கேட்கும் கருவி அணிந்திருக்கிறான். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் எவரிடமும் மருத்துவச் சான்று இல்லை. செங்கல் சூளை வேலைக்காக வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் தமிழை ஓரளவு பேசுகிறான், எழுத்து இன்னும் கைவரவில்லை. மல்லிகைத் தோட்டம் உள்ள வீட்டுப் பெண்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மொட்டுப் பறித்து, அது மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வண்டியேறிய பிறகு பள்ளிக்கு வருவார்கள். பிற்பகலில் அவர்களுடைய கண்கள் தாமாகவே மூடும். இவர்களைத் தவிர, வெளியே எந்தத் தடையும் தெரியாத, ஆனால் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் குரலே எழும்பாத பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லோரையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், நாம் மனத்தில் வைத்துத் திட்டமிடும் அந்தச் சராசரி மாணவர் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று சுட்டிக்காட்டுவது கடினம்.

இந்தச் சிந்தனை கட்டடக் கலையிலிருந்து கல்விக்கு வந்தது. ரொனால்டு மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு சிலருக்காக மட்டும் ஒரு பக்கவழியைச் சேர்ப்பதைவிட, வரைபடம் போடும்போதே எல்லோரையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்ற ‘யுனிவர்சல் டிசைன்’ கருத்தை அவர் வலியுறுத்தினார். 1984-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பில் ஆனி மேயர், டேவிட் ரோஸ் முதலியோர், தொடக்கத்தில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குத் தனித்தனியே கணினிவழி உதவிகளை உருவாக்கி வந்தார்கள். நாளடைவில், மாற்றப்பட வேண்டியது பிள்ளை அன்று, பாடத்திட்டமும் பாடப்பொருளும்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களுடைய வழிகாட்டு நெறிகள் 2008-இல் முதன்முதலாக வெளியாகி, 2024-இல் மூன்றாம் பதிப்பை எட்டியுள்ளன. பிள்ளை பாடத்தில் ஈடுபடப் பல வழிகள், பாடப்பொருளைப் பெற்றுக்கொள்ளப் பல வழிகள், கற்றதைச் செய்துகாட்டவும் வெளிப்படுத்தவும் பல வழிகள் என்ற மூன்றும் அவற்றின் அடிப்படை.

எங்கள் பள்ளி தேர்தலின்போது வாக்குச்சாவடியாகவும் பயன்படுவதால் நுழைவாயிலில் ஒரு சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலிக்காகக் கட்டப்பட்ட அதன் வழியாகத்தான் சத்துணவுக்கான அரிசி மூட்டை உள்ளே வருகிறது. பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விடும் முழங்கால் வலிக்காரப் பாட்டிமாரும் அதில்தான் ஏறி வருகிறார்கள். பாடத்திலும் ஒருவருக்காக முன்கூட்டியே அமைக்கும் வழி பலருக்குப் பயன்படுகிறது என்பதை இப்போது நாள்தோறும் காண்கிறேன்.

நடைமுறையில் எனக்கு மிகுதியும் உதவியது ஒரே ஒரு பழக்கம். பாடக்குறிப்பில் கற்றல் விளைவை எழுதியவுடன், அந்த விளைவையும் அதை அடையும் வழியையும் பிரித்துப் பார்ப்பேன். ‘நீர்ச் சுழற்சியின் நிலைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் நிகழும் காரணத்தை விளக்குவர்’ என்பது விளைவு என்று கொள்வோம். இதில் ‘எழுதுவர்’ என்ற சொல் எங்கும் இல்லை. ஆனாலும் இதை எழுதிக் காட்டினால்தான் கற்றதாகக் கணக்கிடுவது நம்முடைய வழக்கமாக இருக்கிறது. எழுத்து இங்கே ஒரு வழி மட்டுமே; வாயால் விளக்குவதும், படம் வரைந்து அம்புக்குறியிட்டுச் சொல்வதும், அட்டைகளை அடுக்கிக் காரணம் கூறுவதும் அதே விளைவுக்குக் கொண்டுசேர்க்கும் மற்ற வழிகள். இதற்கு மாறாக, ‘சோதனையின் செய்முறையைத் தொடர்ச்சியான வாக்கியங்களில் எழுதுவர்’ என்பது விளைவானால், அங்கே எழுத்தே குறிக்கோள். அதை வேறொன்றால் ஈடுசெய்ய முடியாது. அப்போது எழுதுவதற்கான உதவிகளைத்தான் கூட்டவேண்டும்: தொடக்கச் சொற்கள், சொற்பட்டியல், கூடுதல் நேரம், பெரிய கட்டம் போட்ட தாள். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் விதவிதமான செயல்பாடுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் வகுப்பு கலகலப்பாக இருக்கும், ஆனால் எவர் எதைக் கற்றார் என்பது ஆசிரியருக்கே தெரியாது.

ஆறாம் வகுப்பு நீர் பாடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஆவியாதல், ஆவி சுருங்குதல் என்று வரையறைகளில் தொடங்காமல், ‘நம் ஊர்க் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்ற கேள்வியோடு தொடங்குகிறேன். மேலூர்ப் பகுதி பெரியாறு பிரதானக் கால்வாயை நம்பி உழும் பகுதி. தண்ணீர் திறப்பது எப்போது என்பது இங்கே எல்லா வீடுகளிலும் பேசப்படும் செய்தி. வகுப்பில் எழுதச் சொன்னால் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு மாணவன், இந்தக் கேள்விக்கு எழுந்து நின்று, “மடையைத் திறந்தா வர்ற தண்ணி நம்ம ஊரு மழையே இல்ல டீச்சர், அது மலைக்கு அந்தப் பக்கம் பெஞ்ச மழை” என்றான். மேற்கே ஓடும் பெரியாற்றின் குறுக்கே 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கிழக்கே திரும்பி, வைகை அணைக்கு வந்து, பேரணை என்ற இடத்திலிருந்து கால்வாயில் பிரிந்து மேலூருக்கு வருகிறது என்பதை அவன் தாத்தாவிடம் கேட்டறிந்திருந்தான். அன்று முழுப் பாடத்தையும் அவன் சொன்ன வாக்கியத்திலிருந்தே கட்ட முடிந்தது: அந்த மழை எங்கே மேகமானது, மலையின் அந்தப் பக்கத்தில் ஏன் அதிகம் பெய்கிறது, வயலில் பாய்ந்த பிறகு நீர் எங்கே போகிறது. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து பாடத்துக்குள் நுழைவதுதான் ஈடுபாட்டுக்கான வழி. பரிசுப்பொருளும் கைதட்டலும் செய்யாத வேலையை அது செய்கிறது.

பிறகு பாடப்பொருள். அதே செய்தியைப் பாடநூல் பத்தியாகவும், படமாகவும், தொட்டு நகர்த்தக்கூடிய அட்டைகளாகவும் வைத்தேன். பாடநூலில் உள்ள க்யூ ஆர் கோடு வழியே கிடைக்கும் காணொளியையும் காட்டினேன். காணொளியை ஒருமுறை ஓடவிட்டு முடித்துவிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி, திரையில் என்ன தெரிகிறது என்று ஒரு பிள்ளையைச் சொல்லச் சொல்கிறேன். பார்வை குறைந்த மாணவிக்காகத் தொடங்கிய இந்த வழக்கத்தால், பார்த்தும் கவனிக்காத பிள்ளைகள் கவனிக்கத் தொடங்கினார்கள். தமிழ் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ படமும் சொல்லும் ஒரே நொடியில் சேர்ந்து கிடைத்தன.

ஏழாம் வகுப்பில் தாவரங்களின் இனப்பெருக்கம் கற்பிக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு செம்பருத்திப் பூ இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் ஆகிய நான்கையும் விரலால் பிரித்தெடுத்து ஒரு தாளில் வரிசையாக ஒட்டுகிறார்கள். பூவின் குறுக்குவெட்டுப் படத்தைத் தடித்த அட்டையில் வரைந்து, கோடுகளின்மீது சணல் கயிற்றை ஃபெவிகாலால் ஒட்டி, தடவிப் பார்க்கும் படமாக்கி வைத்திருக்கிறேன். அது குறைபார்வை மாணவிக்கெனச் செய்தது. ஆனால் படம் வரையத் தயங்கும் பிள்ளைகள் அதன்மீது விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வரைகிறார்கள். மல்லிகைத் தோட்டத்துப் பெண்கள் இந்தப் பாடத்தில்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு வந்தார்கள். மொட்டு எந்தப் பருவத்தில் பறிக்கப்படவேண்டும், மாலையில் விரிந்த பூவுக்கு ஏன் விலை குறைவு என்று அவர்கள் சொன்னபோது, பிற்பகல் வகுப்பாக இருந்தும் ஒருவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. இப்போது அவர்களுக்காக, வாசிக்கவும் கேட்கவும் வேண்டிய பகுதிகளை இயன்றவரை முற்பகல் பாடவேளைகளுக்கு மாற்றி, கையால் செய்யும் வேலைகளைப் பிற்பகலுக்கு வைக்கிறேன்.

எந்தப் பாடமானாலும் செலவே இல்லாமல் செய்யக்கூடிய சில பழக்கங்கள் உண்டு. என் மதிப்பீட்டில், பொருள்கள் செய்வதைவிட இவை முக்கியமானவை. கரும்பலகையில் எழுதும்போது எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவது. விளக்கும்போது பலகையைப் பார்த்துப் பேசாமல், எழுதி முடித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசுவது. காது கேட்கும் கருவி அணிந்த மாணவன் பாதியை உதட்டசைவிலிருந்துதான் பெறுகிறான். அந்தக் கருவி ஆசிரியர் குரலைப் போலவே மின்விசிறிச் சத்தத்தையும் பெஞ்சு இழுக்கும் சத்தத்தையும் பெருக்கிக் காட்டும் என்பதால், குழு வேலையின்போது அவனுடைய குழுவை வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுகிறேன். பலகையின் இடது ஓரத்தில் அன்றைய புதிய சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைப்பது. யாரையும் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், நாளை வாசிக்கவேண்டிய பத்தியை இன்றே சொல்லிவிடுவது. வீட்டில் அக்காவோடோ, பள்ளியில் கூட அமர்ந்து படிக்க உதவும் வாசிப்புத் துணையோடோ பழகி வந்த பிள்ளை மறுநாள் தானாகக் கையை உயர்த்துகிறது. அடுத்தது, கேள்வி கேட்டபின் பொறுத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாவதோடு கூடுதல் மாணவர்கள் பங்கேற்கிறார்கள் என்றும் காட்டினார். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு காத்திருப்பது முதலில் ஆசிரியருக்குத்தான் சங்கடமாக இருக்கும். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொண்டால், குரல் எழும்பாத பிள்ளைகளில் சிலர் பேசத் தொடங்குகிறார்கள்.

மதிப்பீட்டில்தான் கேள்விகள் அதிகம் வரும். தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டுள்ளன. வளரறி (அ) பகுதியின் செயல்பாடுகள் ஆசிரியரின் கையில் உள்ளவை. வெளிப்படுத்தும் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நான் முதலில் திறந்துவிட்டது அங்கேதான். நீர்ச் சுழற்சியை எழுதித் தரலாம் அல்லது படத்தை வைத்து வாயால் விளக்கலாம். எந்த வழியானாலும் அளவுகோல் ஒன்றே: நிலைகள் அனைத்தும் உள்ளனவா, வரிசை சரியா, காரணம் சொல்லப்பட்டதா, சொந்த ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டா. இந்த நான்கையும் முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுகிறேன். “அவன் எழுதாமலேயே மார்க் வாங்குறானே டீச்சர்” என்று ஒரு மாணவி கேட்டபோது, அவளுக்கும் அதே வழி திறந்திருக்கிறது என்றேன். அடுத்த முறை அவள் வாயால் விளக்க முன்வந்து, எழுதுவதைவிட அது கடினம் என்று கண்டுகொண்டாள். வழி ஒருவருக்கு மட்டும் திறந்திருந்தால் அது சலுகையாகத் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் கூச்சம் வரும். எல்லோருக்கும் திறந்திருந்தால் யார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்ற பேச்சே எழுவதில்லை. “எம் பேரனுக்குப் படிப்பு ஏறாது டீச்சர், பாஸ் பண்ணிவிட்டா போதும்” என்று சொல்லிவந்த ஒரு பாட்டியிடம், அவருடைய பேரன் கால்வாயைப் பற்றி விளக்கியதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்கவைத்தேன். அதன்பின் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 60 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான்; பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் பெரும்பாலும் எழுத்துத்தான். சான்று பெற்ற மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. சான்று இல்லாமல் தடுமாறும் பிள்ளைகளுக்கு அவையும் இல்லை. எனவே வாய்வழி விளக்கம் எழுத்திலிருந்து தப்பிக்கும் வழியாக நிலைத்துவிடக் கூடாது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நான் செய்வது இது: பிள்ளை சொல்வதை அதே சொற்களில் வாசிப்புத் துணை எழுதிக்கொடுப்பார், அந்தத் தாளை அந்தப் பிள்ளையே வாசிக்கும். தான் சொன்ன வாக்கியமாதலால் வாசிப்பது எளிதாகிறது. பிறகு அதில் சில சொற்களை மறைத்து நிரப்பச் சொல்வேன், அடுத்து, வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் தந்து முடிக்கச் சொல்வேன், கடைசியில் வெற்றுத்தாள். வெற்றுத்தாள்வரை எல்லோரும் ஒரே காலத்தில் வந்துசேர்வதில்லை. சிலருக்கு ஒரு பருவம் போதும், சிலர் எட்டாம் வகுப்பு முடியும்போதும் வழியில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களிடம் நேரில் சொல்லி அனுப்புகிறேன்.

இந்த அணுகுமுறையைத் தொடங்குவோர் தவிர்க்கவேண்டியவை சில. பிள்ளைகளைக் கண்வழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர், செய்து கற்பவர் என்று முத்திரையிட்டுப் பிரிக்கக் கூடாது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கற்றல் மேம்படுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று போதவில்லை. யூ.டி.எல். கேட்பதும் அதையன்று. ஒரே பிள்ளைக்கு ஒரு பாடத்தில் படமும் இன்னொரு பாடத்தில் பேச்சும் தேவைப்படலாம் என்பதால்தான் வழிகளை எல்லோருக்கும் பொதுவில் வைக்கிறோம். அடுத்து, தேர்ந்தெடுக்கும் வழிகளை அளவுக்குமேல் அடுக்குவது. ஆறு வழிகளைக் கொடுத்தால் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதிலேயே பாடவேளை கரைந்துவிடும். இரண்டு போதும், பழகியபின் மூன்று. மூன்றாவதாக, இதைக் கருவிகளோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது. திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) இருந்தால் நல்லது. மின்சாரம் நின்ற நாளிலும் நடக்கும் பாடமே நம்பத்தக்கது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுவதோடு, வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் தடுமாறவைக்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும்’ அவற்றில் சேர்த்துள்ளது. எல்லோரையும் உள்ளடக்கிய வடிவமைப்புக்கு வரையறை தந்து, உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாகவும் வைத்துள்ளது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் குறித்த நாள்களில் பள்ளிக்கு வருகிறார். அவர் வரும் நாளில் பிள்ளையைத் தனியே அழைத்துச்சென்று பயிற்சி கொடுப்பது வழக்கம்; அது தேவைதான். அதோடு, அடுத்த வாரப் பாடக்குறிப்பை அவர்முன் வைத்து, ‘இதில் எந்த இடத்தில் இந்தப் பிள்ளைகள் தடுக்கி நிற்பார்கள்?’ என்று கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அரைமணி நேர உரையாடல்தான். அதிலிருந்து கிடைத்த யோசனைகள் வகுப்பில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேர்கின்றன. சணல் கயிற்றுப் படம் அவர் சொன்னதே.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது, செய்யவும் வேண்டாம். வகுப்பில் அதிகம் பேர் தடுமாறும் ஒரு பாடத்தை எடுத்து, அதில் அதிகம் பேரை நிறுத்தும் ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டாவது வழி ஒன்றை அமைத்தால் போதும். செய்த அட்டையும் தாளும் அடுத்த ஆண்டும் இருக்கும். அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நாங்கள் சிலர் இவற்றை மாற்றிக்கொள்கிறோம். கணித ஆசிரியர் ஒருவர் பின்னத்துக்குச் செய்த பட்டைகள் இப்போது மூன்று பள்ளிகளில் சுற்றிவருகின்றன.

குறைபார்வை மாணவி வரும் ஆண்டு எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். ஒளியியல் பாடத்தில் கதிர்ப்படங்கள் வரும். தெர்மோகோல் பலகையில் குண்டூசி நட்டு, நூலைப் படுகதிராகவும் எதிரொளிப்புக் கதிராகவும் இழுத்துக் கட்டி, விளிம்பில் பத்துப் பாகைக்கு ஒரு வெட்டு வைத்த அட்டைக் கோணமானியால் இரு கோணங்களையும் விரலால் அளக்கும் ஏற்பாட்டை, வகுப்பு முழுவதற்கும் போதுமான எண்ணிக்கையில், சிறப்புப் பயிற்றுநரும் நானும் தயாரித்து வருகிறோம். தேர்வில் ‘படம் வரைந்து விளக்குக’ என்று வரும் வினாவுக்கு அவள் நூல் கட்டிக் காட்டினால் மதிப்பெண் எப்படி வழங்குவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் இதைக் கேட்கவிருக்கிறேன்.